தென்புறநகரில் லினக்ஸ் போட்ட வரலாறு

காப்பி போடுவது, கோலம் போடுவது, பந்தல் போடுவது என்று நம் அடுக்களையிலும் வாசலிலும் நாள்தோறும் வழங்கி வருகிற 'போடுதல்' என்னும் வினைச்சொல், கணினி என்ற யந்திரம் நம் வீடுகளில் வந்து குடிபுகுந்தபோது அதற்கும் உரியதாகிவிட்டது. புத்தகங்களில் இயங்குதளத்தை 'நிறுவுதல்' என்று எழுதுகிறோம், ஆனால் தாம்பரம் ரயில்நிலையத்து மேம்பாலத்தில் சந்தித்துக்கொள்ளும் இரண்டு இளைஞர்கள், "புது லேப்டாப்பிலே லினக்ஸ் போட்டாச்சா?" என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். நிறுவுதல் என்ற சொல்லில் ஒரு ஸ்தாபனத்தின் கம்பீரம் இருக்கிறது. போடுதல் என்ற சொல்லிலோ கைப்பழக்கமும், பக்கத்தில் நின்று காட்டிக்கொடுக்கும் ஒரு மனிதரும் இருக்கிறார்கள். நான் சொல்லவந்த சரித்திரம் இந்த இரண்டாவது சொல்லைச் சேர்ந்தது.

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய நாள் முதலாக, நகரத்தின் தெற்கே அந்தத் தண்டவாளத்தின் இருபுறத்திலும் வளர்ந்த ஊர்களுக்கெல்லாம் அது ஒரு நடுவீதி போல் ஆகிவிட்டது. அந்த வீதியில் உள்ள குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே ஒரு தொழிலால்தான். குரோமிய உப்பைக் கொண்டு தோல் பதனிடும் புதிய முறையைக் கையாண்ட குரோம் லெதர் கம்பெனியின் பெயரே பேட்டைக்கும் ஒட்டிக்கொண்டது. பின்னர் 1949இல், சி. ராஜம் என்ற பெருந்தகை தம் செல்வத்தை முதலாகக் கொடுத்து மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி என்ற கல்லூரியை அங்கே ஸ்தாபித்தார். விமானப் பொறியியல் கற்ற அப்துல் கலாமும், மின்னணுவியல் கற்ற எழுத்தாளர் சுஜாதாவும் அந்த வளாகத்தில் வித்தியார்த்திகளாக இருந்தவர்கள் என்பது யாவரும் அறிந்த செய்தி. ஆனால் அதே வளாகத்தில், அவர்கள் காலத்துக்கு வெகுநாள் பின்பு, இந்திய தேசத்துக்கென்று ஓர் இயங்குதளம் உருவாவதற்கான பணியில் ஒரு பங்கு நடந்தது என்பது அந்த ரயிலில் அன்றாடம் போய்வருகிறவர்களிலும் பலருக்குத் தெரியாது.

அதைச் சொல்லுமுன் அதன் மூலத்தைச் சுருக்கமாகச் சொல்லவேண்டும். எவரும் பயன்படுத்தவும், உள்ளே திறந்து படிக்கவும், திருத்தவும், பிறருக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கவும் உரிமையுள்ள ஓர் இயங்குதளத்தை ஆக்குவேன் என்று ரிச்சர்ட் ஸ்டால்மன் அமெரிக்காவில் அறிவித்தது 1983ஆம் ஆண்டு. அதற்கு வேண்டியிருந்த கருநிரலை லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் ஹெல்சிங்கியில் எழுதி வெளியிட்டது 1991ஆம் ஆண்டு. இவ்விரண்டும் சேர்ந்த தொகுப்பைத்தான் உலகம் சுருக்கமாக லினக்ஸ் என்கிறது. 'கட்டற்ற மென்பொருள்' என்று தமிழில் அதற்கு வழங்கும் பெயர் மிகப் பொருத்தமானது என்பது என் கருத்து. விலையின்மையைவிட விடுதலையே அதில் பிரதானம் என்பதை அந்தப் பெயர் ஐயமறச் சொல்லிவிடுகிறது.

சென்னையில் இதைப் பயன்படுத்துவோர் 1998 ஜனவரியில் ஒரு சங்கமாகக் கூடினார்கள். இந்தியன் லினக்ஸ் யூசர்ஸ் குரூப், சென்னை என்பது அதன் பெயர். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை பிற்பகலில், ஐ.ஐ.டி. வளாகத்தின் கஜேந்திரா சர்க்கிளுக்கு அருகே, விமானப் பொறியியல் துறையின் வகுப்பறை ஒன்றில் அவர்கள் வெகுகாலம் கூடிவந்தார்கள். தாம்பரம், சேலையூர், பல்லாவரம் பக்கத்து இளைஞர்கள் மின்சார ரயிலில் ஏறிக் கிண்டியில் இறங்கி, பஸ் பிடித்து அந்த வாயிலுக்குப் போய்ச் சேருவார்கள். அந்நாளில் லினக்ஸ் போடுவது சாமானியமான காரியமன்று. திரையின் அலைவெண் இன்னதென்று கையால் எழுதிக் கொடுக்கவேண்டும். அது தவறினால் திரை இருண்டுபோகும். கணினிக்கு உள்ளேயே பொருத்தப்பட்டிருந்த மோடம் அநேகமாக விண்டோஸுக்கென்றே செய்யப்பட்டதாயிருக்கும். ஆகையால் இணையத்துக்குப் போய் விடை தேடலாம் என்றால், போவதற்கு வழியே அடைபட்டிருக்கும். இப்படி நின்றுபோனவர்களுக்கு, முன்பே நின்று மீண்ட ஒருவர் நேரில் சொல்லும் சொல்லைத் தவிர வேறு கதி இருக்கவில்லை. கூட்டங்கள் கூடியதன் அவசியமும் அவற்றில் மலர்ந்த நட்பின் உறுதியும் இந்தச் சிரமத்திலிருந்தே பிறந்தன என்று நான் நினைக்கிறேன்.

இனிக் குரோம்பேட்டைக்கு வருவோம். மத்திய அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை அளித்த பொருளுதவியைக் கொண்டு, 2005இல் கட்டற்ற, திறமூல மென்பொருளுக்கான தேசிய வள மையம் சென்னையில் தோற்றுவிக்கப்பட்டது. அதன் பொறுப்பை இரண்டு ஸ்தாபனங்கள் பகிர்ந்துகொண்டன. ஒன்று, தரமணியில் இருந்த சி-டாக் நிறுவனம். மற்றொன்று, குரோம்பேட்டைக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் ஏயூ-கேபிசி ஆராய்ச்சி மையம். சி-டாக்கின் உழைப்பில், டெபியன் என்ற உலகத் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டு, 'பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்', சுருக்கமாக 'பாஸ்', 2007 ஜனவரியில் வெளிவந்தது. இந்திய மொழிகளில் எழுதவும் படிக்கவும் இடம் தருவது அதன் விசேஷ நோக்கம். அண்ணா பல்கலைக்கழகத்துப் பொறியியல் மாணவர்கள் கட்டற்ற மென்பொருளை விருப்பப் பாடமாக எடுத்துப் படிக்கவும் இந்த வள மையமே வழிசெய்தது. தோல் பதனிடும் அந்நிய நுட்பம் ஒன்றை உள்நாட்டுக் கைகள் கற்றுத் தமதாக்கிக்கொண்டதால் பெயர்பெற்ற ஒரு பேட்டையில், ஒரு நூற்றாண்டு கழித்து இன்னொரு நுட்பமும் அவ்வாறே கற்கப்பட்டது என்பதை எண்ணும்போது எனக்குப் பெருமிதம் உண்டாகிறது.

ஆனால் வழக்கம் என்பது ஆராய்ச்சி மையங்களிலிருந்து மட்டும் பரவுவதன்று. அந்த ஆண்டுகளில் உபுண்டு என்ற தொகுப்பின் குறுந்தகட்டை, கேட்டவர்களுக்கெல்லாம் தபாற்செலவும் இல்லாமல் அதன் நிறுவனம் உலகெங்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. பெயரும் விலாசமும் எழுதிக் கேட்டுவிட்டால், சில வாரங்களில் அட்டை உறையிட்ட தகடுகள் வெளிநாட்டுத் தபாலில் வீடு தேடி வரும். 2011இல் அந்தத் தர்மம் நிறுத்தப்படும் வரையில், மேற்குத் தாம்பரத்துச் சந்துகளிலும் தபால்காரர் அவற்றைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். 'லினக்ஸ் ஃபார் யூ' என்ற மாத இதழும் 2003 முதல் தகடுகளோடு கடைகளில் கிடைத்தது. ஒருவர் வாங்கிய தகடு பத்துப் பேரிடம் போய்த் திரும்பும். சில சமயம் திரும்பாமலும் போகும்.

என் வீட்டில் லினக்ஸ் போடப்பட்ட நாளை இங்கே குறிக்க விரும்புகிறேன். 2009ஆம் ஆண்டு ஐப்பசி அடைமழையில், சேலையூரில் நாங்கள் குடியிருந்த மாடிப் போர்ஷனுக்கு ஒரு புதிய மடிக்கணினி வந்தது. எதிர்வீட்டுப் பிள்ளை, பொறியியல் மூன்றாமாண்டு மாணவன், நனைந்த சட்டைக்குள் தகட்டைப் பாதுகாத்து எடுத்துக்கொண்டு வந்தான். கடைக்காரர், வேறு எதையாவது போட்டால் உத்தரவாதம் போய்விடும் என்று எங்களைப் பயமுறுத்தியிருந்தார். அதை அவனிடம் சொன்னேன். "மாமா, இப்ப ஒண்ணையும் மாத்த வேண்டாம். தகட்டிலேருந்தே ஓட்டிப் பார்ப்போம். உங்களுக்குப் பிடிச்சா அப்புறம் போடலாம்" என்றான். தகடு உள்ளே சுழலும் ஓசை கேட்டது. வெகுநேரம் கழித்துப் பழுப்பு நிறத் திரை ஒன்று விரிந்தது. வன்தட்டில் ஓர் எழுத்தும் மாறாமலே ஒரு முழு இயங்குதளம் எதிரில் நின்றது.

பிடித்திருந்தது, போடச் சொன்னேன். கடிகாரத்துக்கு எந்த நாடு, விசைப்பலகை எது என்ற சிறு கேள்விகளை எல்லாம் விரைவாகக் கடந்த அவன், வன்தட்டைப் பிரிக்கும் திரை வந்ததும் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். அங்கே ஒரு நீண்ட பட்டை, பழைய வீட்டின் பாகப்பிரிவினைப் படம் போல் நிறம் நிறமாகப் பிரிந்து தெரிந்தது. "முழுசையும் அழிச்சுட்டுப் போடவான்னு கேட்குது. இங்கேதான் எல்லாரும் தப்பு பண்றாங்க" என்று சொல்லி, விண்டோஸ் இருந்த பாகத்தைச் சுருக்கி, காலியான இடத்தைத் தனியே பிரித்து, எண்களை இரண்டு முறை வாய்விட்டுப் படித்த பிறகே அடுத்த பொத்தானை அழுத்தினான். முடிந்ததும் கம்பியில்லா இணைப்பு மட்டும் வேலை செய்யவில்லை. அந்தச் சில்லுக்குரிய இயக்கி தகட்டில் இல்லை. வீட்டு பிராட்பேண்ட் பெட்டியிலிருந்து கம்பியை இழுத்துவந்து மாட்டி, இயக்கியை இறக்கி, மறுபடி தொடங்கினான். கருப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு பட்டியல் எழுந்தது: மேலே உபுண்டு, கீழே விண்டோஸ் விஸ்டா, பத்து என்று தொடங்கிக் குறைந்துகொண்டே வரும் ஒரு கணக்கு. நான் விலைகொடுத்து வாங்கிய யந்திரம், என்ன செய்யட்டும் என்று என்னை முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான்.

தமிழின் நிலையையும் சொல்லவேண்டும். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகைக்கு அங்கீகாரம் கிடைத்தது; யூனிகோடு குறியாக்கம் மெல்லமெல்ல நிலைபெற்றது. தொடக்கத்தில் லினக்ஸ் திரையில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து இடம்மாறி நிற்கும் அலங்கோலம் இருந்தது. அதைத் திருத்தியவர்களும், திரையில் தோன்றும் கட்டளைகளை ஆயிரக்கணக்கில் தமிழாக்கியவர்களும், ஊதியம் எதுவும் பெறாமல் இரவுகளில் உழைத்த தமிழர்கள். அவர்களில் தமிழ்நாட்டில் இருந்தோரும் உண்டு, கடல்கடந்து வாழ்ந்தோரும் உண்டு. 2012 ஜனவரியில் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ், கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே கற்க வழிசெய்தது. அந்தத் தொண்டுக்குத் தமிழ் வாசகர்கள் பட்டிருக்கும் கடன் சிறியதன்று.

அரசாங்கமும் இவ்வழியில் வந்து சேர்ந்தது. உமாசங்கர் என்ற அதிகாரி நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில் மாநில அரசின் எல்காட் நிறுவனம் தன் கணினிகளைச் சூசி லினக்ஸுக்கு மாற்றியது. பிறகு 2011 செப்டம்பர் 15ஆம் நாள் முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே மாணவர்களுக்கு வழங்கப்பட்டது. அத்திட்டத்தில் பல ஆண்டுகளாகக் கொடுத்தவை மொத்தம் சுமார் 50 லட்சம். ஒரு கட்டற்ற இயங்குதளம் இத்தனை ஏழைக் குடும்பங்களின் வீட்டுக்குள் ஒருசேரச் சென்றது அசாதாரணமான சம்பவம். எனினும், எனக்குத் தெரிந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் கணினி தொடங்கும்போது எழும் பட்டியலில் பாஸுக்குரிய வரியைத் தேர்ந்தெடுத்துப் பார்த்ததே இல்லை. குறை பாஸில் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "இதைத் திறந்து பார், ஒன்றும் கெட்டுப்போகாது" என்று சொல்ல ஓர் எதிர்வீட்டுப் பிள்ளை அவர்களுக்கு வாய்க்கவில்லை. யந்திரத்துக்குச் செலவிட்டதில் நூறில் ஒரு பங்கையாவது அப்படிப்பட்ட மனிதரைப் பயிற்றுவிக்கச் செலவிட்டிருக்கவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2018இல் வந்த பதினோராம் வகுப்புப் பாடநூல் விண்டோஸோடு உபுண்டுவையும் கற்பித்தது. அது சில ஆண்டுகள் முன்னதாக வந்திருக்கலாகாதா என்று இன்றும் மனம் ஏங்குகிறது.

2012இல் விண்டோஸ் 8 வந்தபோது புதிய தடை ஒன்றும் கூட வந்தது. கையொப்பமில்லாத எதையும் கணினி தொடக்கத்திலேயே ஏற்க மறுக்கும் 'செக்யூர் பூட்' என்ற ஏற்பாடு அது. லினக்ஸ் தொகுப்பாளர்கள் மைக்ரோசாஃப்ட்டின் கையொப்பம் பெற்ற ஒரு சிறு நிரலை முன்னே நிறுத்தி அந்த வாயிலைக் கடந்தார்கள். இயக்கி இல்லாத பழைய தொல்லையும் தீர்ந்துவருகிறது. கட்டற்றதல்லாத சாதன நிரல்களையும் நிறுவல் கோப்பில் சேர்ப்பதென்று டெபியன் சமூகம் 2022இல் வாக்கெடுத்து முடிவுசெய்து, 2023 ஜூனில் வெளியிட்ட 12ஆம் பதிப்பில் அதை நிறைவேற்றியது. தகடு போய்ப் பென் டிரைவ் வந்துவிட்டது. முன்பு ஒரு மழைநாள் முழுவதும் பிடித்த வேலை இப்போது அரைமணியில் முடிகிறது. விண்டோஸ் 10க்கு அளித்துவந்த இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் பொதுவாக முடிவுற்றதால், பழைய மடிக்கணினிகளோடு லினக்ஸ் போட வருகிறவர்களும் இப்போது இருக்கிறார்கள். தாம்பரம் காஞ்சிபுரம் மாவட்டத்தோடு இருந்த நாளின் பெயரைத் தாங்கிய காஞ்சி லினக்ஸ் பயனர் குழு, இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிப் பேசுகிறது.

வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம் உண்டு. அந்தத் தபாலில் வந்த அட்டை உறைகள், கூட்டங்களில் கொடுத்த துண்டுப் பிரசுரங்கள், பாஸ் இயங்குதளத்தின் முதல் தகடுகள் ஆகியவை தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் வீடுகளின் பரண்களில் இன்னும் கிடக்கக்கூடும். பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள். உறையின் பின்புறத்தில், யார் கொண்டுவந்து போட்டார், எந்த ஆண்டு, எந்தத் தெரு என்று மூன்று வரி எழுதி வையுங்கள்.