ஒரு மேலதிகாரியின்கீழ் எத்தனை பேர்?

ஒரு மேலதிகாரியிடம் நால்வர் வேலை பார்க்கின்றனர். ஐந்தாமவர் சேர்ந்தால் அவருடைய பொறுப்பு எவ்வளவு கூடும்? கால் பங்கு என்றுதானே சொல்வீர்கள்? 1933-இல் கிரெய்ச்சூனாஸ் என்ற நிர்வாக வல்லுநர் வேறு விடை தந்தார். அவர் ஆட்களை எண்ணவில்லை, உறவுகளை எண்ணினார்.

கீழே இருவர் மட்டும் இருப்பதாகக் கொள்வோம். அதிகாரி ஒவ்வொருவருடனும் தனியே பேசுவது 2. ஒருவர் உடனிருக்க மற்றவருடன் பேசுவது 2. அவ்விருவரும் ஒருவரையொருவர் அணுகுவது 2. ஆக 6 உறவுகள். இதே முறையில் மூவருக்கு 18, நால்வருக்கு 44, ஐவருக்கு 100! ஓர் ஆள் கூடியதும் உறவுகள் இரு மடங்குக்கு மேல் பெருகிவிட்டன அல்லவா?

இதனால்தான் பிரிட்டனைச் சேர்ந்த அர்விக், ஒருவரின்கீழ் ஐவர், மிஞ்சினால் அறுவர் என்றார். ஆனால் ஒரு நிபந்தனையும் விதித்தார்: அவர்களுடைய வேலைகள் ஒன்றோடொன்று பின்னியிருக்க வேண்டும். பலர் எண்ணை நினைவில் கொண்டனர்; நிபந்தனையை மறந்தனர்.

1950-களில் ஜோன் வுட்வர்ட் இங்கிலாந்தின் தென் எசெக்ஸ் பகுதியில் 100 நிறுவனங்களை ஆராய்ந்தார். ஒரே பொருளைப் பெருந்திரளாகச் செய்யும் ஆலைகளில் ஒரு மேற்பார்வையாளரின்கீழ் பொதுவாக 40 பேருக்கு மேல் இருந்தனர். இடைவிடாது இயங்கும் ரசாயன ஆலைகளிலோ 20-க்கும் குறைவு. வெற்றி பெற்ற நிறுவனங்கள் தத்தம் வகையின் நடு அளவை ஒட்டியே இருந்தன.

ஆகவே, 'எத்தனை பேர்?' என்று யாரேனும் கேட்டால், 'என்ன வேலை?' என்று முதலில் கேளுங்கள்.