ஜீனோவா, ஜீவாவா: ஒரு பழைய தூர்தர்ஷன் தொடரும் இரண்டு கட்சிகளும்

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வைப் புத்தகமாகப் படித்தவர்களையும், தூர்தர்ஷனில் தொடராகப் பார்த்தவர்களையும் ஒரே இடத்தில் உட்கார வைத்தால் ஐந்து நிமிடத்தில் வாக்குவாதம் வந்துவிடும். "சீரியல் கதையைக் கெடுத்துடுச்சு" என்பது ஒரு கட்சி. "அந்தக் காலத்துல தமிழ்ல அதை எடுத்ததே பெரிய விஷயம்" என்பது இன்னொரு கட்சி. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ்ஸில் போய்வரும் நாற்பது தாண்டிய ஆட்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்க, இரண்டு கட்சிக்கும் ஆள் கிடைக்கும்.

இரண்டு தரப்பும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டுமே தப்பான பாத்திரத்தை வைத்துச் சண்டை போடுகின்றன என்பது என் எண்ணம். அதைச் சொல்ல கதையின் முடிச்சை அவிழ்க்க வேண்டியிருக்கும். இன்னும் படிக்காதவர்கள் படித்துவிட்டு வரலாம், நான் இங்கேயே இருப்பேன்.

முதலில் சுருக்கமாகக் கதை. எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடர்கதையாக வந்தது. கதை நடக்கும் ஆண்டு 2021. நாட்டை ஆள்பவர் ஜீவா என்ற சர்வாதிகாரி. மனிதர்களுக்கு இரண்டெழுத்துப் பெயர்தான்: நிலா, சிபி, ரவி, மனோ. குழந்தை பெற்றுக்கொள்ள அரசாங்க அனுமதி வேண்டும். நிலாவுக்கு அனுமதி கிடைக்கிற நேரத்தில் கணவன் சிபி காணாமல் போகிறான். வீட்டுக்கு ரவி வருகிறான், கூடவே ஜீனோ என்ற இயந்திர நாய். ஜீனோ பேசும், புத்தகம் படிக்கும், கிண்டல் செய்யும், மெல்ல மெல்ல சொந்தமாக யோசிக்கவும் ஆரம்பிக்கும். பின்னால் 'மீண்டும் ஜீனோ' என்று இரண்டாம் பாகமே அதன் பெயரில் வந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இது தூர்தர்ஷனில் தொடராக வந்தது. ஆனந்த், சிவரஞ்சனி நடித்தார்கள்.

படித்தவர்கள் கட்சி

இவர்களுடைய குறை முக்கால்வாசி ஜீனோவைப் பற்றித்தான். "நான் மனசுல வச்சிருந்த ஜீனோ இது இல்ல" என்பார்கள். இதை வெறும் ஏக்கம் என்று தள்ள முடியாது, இதில் ஒரு தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது.

காகிதத்தில் ஜீனோவுக்கு உடம்பே கிடையாது என்று சொல்லலாம். அது முழுக்க முழுக்க வசனம். சுஜாதா அதன் காதையும் வாலையும் விட அதன் பதிலுக்குத்தான் உழைத்திருக்கிறார். ஒரு குறும்பான பதில், ஒரு சின்ன சந்தேகம், நடுவில் ஒரு தத்துவம். விகடனில் ஓவியம் இருந்தாலும் அது வாரத்துக்கு ஓரிரு படம்தான், அசைவையும் குரலையும் வாசகர்தான் போட்டுக்கொண்டார். வாரா வாரம் அப்படிப் போட்டு வளர்த்த நாய் அது. டிவியில் அதே நாய்க்கு ஒரு உடம்பும் ஒரு நடையும் ஒரு குரலும் கொடுத்தே ஆக வேண்டும். கொடுத்த நிமிடமே ஆயிரக்கணக்கான வாசகர்களின் ஆயிரக்கணக்கான ஜீனோக்கள் தோற்றுப்போகும். எவ்வளவு பணம் கொட்டினாலும் இதைத் தவிர்க்க முடியாது.

இங்கிலாந்தில் இதே கதை நடந்தது. பிபிசியின் 'டாக்டர் ஹூ' 1963ல் தொடங்கிய தொடர். அதில் 1977ல் கே-9 என்ற இயந்திர நாய் வந்தது. பெட்டி மாதிரி உடம்பு, ரேடியோ கட்டுப்பாடு, ஜான் லீசனின் குரல். குழந்தைகளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. படப்பிடிப்புக் குழுவுக்குத் தலைவலி: தரை கொஞ்சம் மேடு பள்ளமாக இருந்தால் ஓடாது, மோட்டார் சத்தம் போடும், கூட நடிப்பவர் பேசுவதற்குக் குனிய வேண்டும். எல்லாம் தெரிந்த நாய் பக்கத்திலேயே இருந்தால் கதாநாயகனுக்கு ஆபத்தே வராதே என்று பெரிய ரசிகர்களும் முணுமுணுத்தார்கள். புதிய தயாரிப்பாளர் ஜான் நேதன்-டர்னர் அதை வெளியேற்ற முடிவு செய்ததும் 'தி சன்' பத்திரிகை கே-9ஐக் காப்பாற்ற இயக்கமே நடத்தியது. 1981 டிசம்பரில் அந்த நாயை வைத்தே தனியாக ஒரு நிகழ்ச்சி போட்டுப் பார்த்தார்கள், அதோடு நின்றது. 2006ல் கே-9 மறுபடி தலைகாட்டியபோது, ஒரு காலத்தில் முணுமுணுத்தவர்களில் பலர் உருகிப்போனார்கள். ரசிகர் சண்டைகளின் இயல்பு இதுதான், பாதி வயதைப் பற்றியது.

பார்த்தவர்கள் கட்சி

இவர்கள் பெரும்பாலும் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள். விகடன் படிக்கிற வயசு இல்லை. நேராக டிவியில்தான் ஜீனோவைச் சந்தித்தார்கள். அவர்கள் வாதத்தைப் புரிந்துகொள்ள அன்றைய நிலைமையை யோசிக்க வேண்டும். சன் டிவி 1993 ஏப்ரலில்தான் வந்தது. அதுவரை பெரும்பாலான வீடுகளில் டிவி என்றாலே தூர்தர்ஷன். அறிவியல் புனைகதை என்றால் ஆங்கிலத்தில் 'ஸ்டார் ட்ரெக்', இந்தியில் 1989ல் வந்த 'ஸ்பேஸ் சிட்டி சிக்மா'. நம்ம மொழியில், நம்ம ஆட்கள் எதிர்காலத்தில் நிற்பதைப் பார்ப்பதே புதுசு.

ரோபோ என்ற சொல்லுக்கு ஒரு முகமும் அப்போது இங்கே இல்லை. ஸ்ரீபெரும்புதூர் என்றால் ராமானுஜர் கோயில், ஏரி, வயல். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்க ஆரம்பித்தது 1998ல். ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010ல். இன்றைக்கு இந்தச் சாலையில் நூற்றுக்கணக்கான ரோபோ கைகள் ராப்பகலாக வெல்டிங் வைக்கின்றன. அதில் ஒன்றுகூட பேசாது, கிண்டல் செய்யாது. வேலிக்குள்ளே நிற்கும், வேலிக்கதவைத் திறந்தால் பாதுகாப்புக்காக நின்றுவிடும். தரையில் ஒட்டிய காந்தப் பட்டையைப் பிடித்துக்கொண்டு உதிரிபாகம் சுமக்கும் தானியங்கி வண்டிதான் அவற்றில் கொஞ்சம் நாய்க்குப் பக்கம். குறுக்கே யாராவது வந்தால் நிற்கும், போனால் நகரும். நான்கு காலில் நடக்கும் 'ஸ்பாட்' நாயை பாஸ்டன் டைனமிக்ஸ் பொது விற்பனைக்குக் கொண்டுவந்தது 2020ல், சுஜாதாவின் 2021க்குச் சரியாக ஒரு வருஷம் முன்னால். அதுவும் ஆலைகளைச் சுற்றிப் பார்க்கத்தான், பேசிச் சிரிக்க அல்ல.

ஆக, இதில் எதையுமே பார்த்திராத ஒரு ஊருக்கு, தூர்தர்ஷன் வசதியில் ஒரு இயந்திர நாயை நம்ப வைத்தார்கள். "அது போதாதா?" என்கிறது இந்தக் கட்சி. சரிதான்.

நான் எங்கே நிற்கிறேன்

இரண்டு கட்சியும் ஜீனோவிடமே நின்றுவிடுகின்றன. கதையின் நெஞ்சு ஜீனோ இல்லை, ஜீவா.

ஜீவா என்று ஒரு மனிதரே கிடையாது. நாடு முழுக்க மக்கள் பார்த்து, பயந்து, வணங்கிய தலைவர் வெறும் ஹோலோகிராம், ஒளியால் ஆன பிம்பம். பின்னால் ஆட்டுவிப்பவர்கள் வேறு. உண்மை வெளிவந்த பிறகும் மக்களுக்கு ஆட்சி கிடைப்பதில்லை. நிலாவை அரசியாக்கி உட்கார வைக்கிறார்கள், அதிகாரம் மட்டும் அவள் கையில் இல்லை. பிம்பம் போய் இன்னொரு பிம்பம்.

இதை யோசித்துப் பாருங்க. ஜீனோவைக் காட்ட காகிதம்தான் சிறந்த ஊடகம் என்றால், ஜீவாவைக் காட்ட டிவிதான் சிறந்த ஊடகம். புத்தகத்தில் 'திரையில் தலைவர் தோன்றினார்' என்று எழுத வேண்டும், வாசகர் அதைக் கற்பனை செய்ய வேண்டும். டிவியில் அது கற்பனை இல்லை. வீட்டுக் கூடத்தில், அரசாங்கமே நடத்தும் ஒரே சேனலில், குடும்பமே உட்கார்ந்து ஒரு பிம்பத்தைப் பார்க்கிறது. அந்தப் பிம்பத்தின் பெயர் ஜீவா. பார்க்கிறவர்கள் இருப்பதும் கதையில் வரும் குடிமக்கள் இருக்கிற அதே இடத்தில்தான். திரையில் தெரிகிறவர் இருக்கிறாரா இல்லையா என்று சரிபார்க்க இருவருக்கும் வழி இல்லை. செட்டு எப்படி இருந்தது, நாய் எப்படி நடந்தது என்பதெல்லாம் இதற்கு முன்னால் சின்ன விஷயம். சுஜாதா பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கு பெற்றவர். இயந்திரத்தை நம்புவது என்றால் என்ன என்பது அவருக்குக் கதைக்கு வெளியேயும் தினசரிக் கேள்வி.

அப்புறம் நடந்ததைப் பாருங்க. 2012 குஜராத் தேர்தலிலும் 2014 மக்களவைத் தேர்தலிலும் நரேந்திர மோடி ஹோலோகிராமாக ஒரே நேரத்தில் பல ஊர் மேடைகளில் பேசினார். 2024 ஜனவரியில், 2018லேயே மறைந்துவிட்ட கருணாநிதி செயற்கை நுண்ணறிவு மூலம் திரையில் வந்து டி.ஆர். பாலுவின் புத்தக வெளியீட்டுக்கு வாழ்த்துரை வழங்கினார். இரண்டிலும் ஒளிவுமறைவு இல்லை, பார்த்தவர்களுக்குத் தொழில்நுட்பம் என்று தெரியும். ஜீவாவின் குடிமக்களுக்குத் தெரியாது. வித்தியாசம் அந்த ஒரு தகவலில்தான் இருக்கிறது, அந்தத் தகவலைச் சொல்லாமல் விடுவதற்குப் பெரிய பொறியியல் எதுவும் தேவையில்லை.

அதனால்தான் இந்தப் பழைய சண்டையை லேசாக விட எனக்கு மனசு வரவில்லை. முப்பது வருஷமாக நாயின் வாலைப் பிடித்துக்கொண்டு இருந்ததில், கதை கொடுத்த எச்சரிக்கையைப் பாதிப் பேர் மறந்தே போனார்கள். அடுத்த முறை யாராவது "சீரியல் நல்லா இருந்துச்சா, புக்கு நல்லா இருந்துச்சா" என்று ஆரம்பித்தால், ஜீனோவைக் கொஞ்ச நேரம் ஓரமாக உட்கார வைத்துவிட்டு வேறு ஒன்று கேளுங்க: ஜீவா நிஜம் இல்லைன்னு உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது, அதுவரைக்கும் ஏன் சந்தேகமே வரலை? நான் கேட்டவரையில், புத்தகக் கட்சியும் சீரியல் கட்சியும் ஒரே மாதிரி அமைதியாகிற கேள்வி இது ஒன்றுதான்.