ஸ்டாப் மோஷன் மினியேச்சர் செட்

பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையையும் தனிப்படமாக எடுத்து, அவற்றை வரிசையாக ஓட்டி உயிரூட்டும் முறைக்கு ஸ்டாப் மோஷன் என்று பெயர். அந்தப் பொம்மைகள் நடமாடுவதற்காகக் கையால் செய்யப்படும் சிற்றளவு வீடு, தெரு, காடு ஆகியவையே மினியேச்சர் செட். அதற்குள் வைக்கும் நாற்காலி, தேநீர்க் கோப்பை, சாவிக்கொத்து முதலியவை திரைத்துறையினர் பேச்சில் 'பிராப்பர்ட்டி'. நவராத்திரிக் கொலுவில் மண் கொட்டிப் பூங்காவும் தெப்பக்குளமும் அமைத்தவர்களுக்கு இந்த வேலையின் தொடக்கம் தெரிந்ததுதான். ஆனால் கொலுவில் யாரும் கேட்காத ஒன்றை ஸ்டாப் மோஷன் செட்டிடம் கேட்பார்கள்: வாரக்கணக்கில் அது இம்மியும் அசையக் கூடாது.

திரையில் ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது தனிப்படம், ஓடுகிறது. ஒரு நிலையை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தி எடுத்தாலும் விநாடிக்கு 12 முறை அனிமேட்டரின் கை செட்டுக்குள் போய் வர வேண்டும். 2009-இல் வெளிவந்த ஹென்றி செலிக்கின் 'கோரலைன்' படத்தில் ஒரே சமயத்தில் 28-க்கும் மேற்பட்ட அனிமேட்டர்கள் வேலை செய்தும், வாரத்துக்கு 90 முதல் 100 விநாடிப் படமே முடிந்தது. ஆளுக்கு வாரம் மூன்று விநாடி சொச்சம். அத்தனை நாளில் சட்டைக் கை பட்டு ஒரு நாற்காலி அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும், திரையில் அது துள்ளிக் குதிக்கும். பொம்மை அசைவதுபோல் தெரிவதற்கு மற்ற எல்லாம் அசையாதிருக்க வேண்டும் என்பதே இந்தக் கலையின் முதல் விதி. செட் கட்டுபவரின் ஒவ்வொரு முடிவும் அதிலிருந்துதான் பிறக்கிறது.

இந்தக் கலையின் முன்னோடி விளாதிஸ்லாவ் ஸ்தாரெவிச் தொடங்கியதும் ஒரு விதத்தில் அசைவு, அசையாமை என்ற இதே சிக்கலில்தான். லித்துவேனியாவின் கவுனாஸ் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய அவர், மான்கொம்பு வண்டுகள் சண்டையிடுவதைப் படம்பிடிக்க முயன்றார். விளக்கைப் போட்டதும் வண்டுகள் முடங்கிவிட்டன. உயிருள்ளவை அசையாததால், இறந்த வண்டுகளுக்குக் கம்பியும் மெழுகும் கொண்டு கால் பொருத்தி அசைத்தார். 1912-இல் அவர் எடுத்த 'ஒளிப்பதிவாளனின் பழிவாங்கல்' படத்தில் பூச்சிகளுக்கு ஏற்ற அளவில் மிதிவண்டி, மாடிப்படி, ஓட்டல் அறை, திரைப்படக் கேமரா எல்லாம் உண்டு. நூறாண்டு கடந்தும் அந்தப் பொருள்களின் நேர்த்தி கண்ணை நிறுத்துகிறது.

1933-இன் 'கிங் காங்' படத்துக்காக வில்லிஸ் ஓ'பிரையன் குழு அமைத்த காடு அடுத்த பெரிய பாய்ச்சல். ஏறத்தாழ 18 அங்குல உயரமுள்ள குரங்குப் பொம்மைக்கு முன்னும் பின்னும் கண்ணாடித் தகடுகளை நிறுத்தி, அவற்றில் மரங்களையும் மூடுபனியையும் தீட்டி, இடையிடையே சிற்றளவுச் செடிகளை வைத்தார்கள். மேசையளவு இடத்தில் மைல்கணக்கான ஆழம் கிடைத்தது. அந்தச் செட்டில் இருந்த உண்மைச் செடியொன்று படப்பிடிப்பின்போது மெல்ல மொட்டவிழ்ந்ததை யாரும் கவனிக்கவில்லை என்றும், திரையில் அது சட்டென்று மலர்ந்ததைக் கண்ட பின் ஒரு நாள் உழைப்பை வீசியெறிய நேர்ந்தது என்றும் சொல்வார்கள். உயிருள்ள இலையை இன்றும் இத்துறையினர் நம்புவதில்லை. காகிதம், துணி, கம்பி, பதப்படுத்திய பாசி ஆகியவற்றில்தான் காடு வளர்கிறது.

கட்டும் முறை

அடித்தளம் தடித்த பிளைவுட். அனிமேட்டர் குனிந்தே நிற்காதபடி இடுப்புயரத்தில் அமைத்து, கால்களைத் தரையோடு முடுக்கிவிடுவார்கள். பொம்மையின் பாதத்தில் மரையுள்ள சிறு துளை இருக்கும். தளத்துக்கு அடியிலிருந்து திருகை ஏற்றிப் பாதத்தை இறுக்கினால்தான் ஒற்றைக் காலில் நிற்கும் பொம்மை விழாமல் நடக்கும். துளையிட்ட இரும்புத் தகட்டின் அடியில் வலுவான காந்தம் வைப்பது இன்னொரு வழி. சுவர்களைக் கழற்றி மாட்ட முடிய வேண்டும். பெரிய செட்டுகளின் நடுவே அனிமேட்டர் கீழிருந்து எழுந்து நிற்க ஒரு திறப்பு விடுவார்கள். கேமராவுக்குத் தெரியாத இந்தப் பின்புறத்தில்தான் செட்டின் தரம் இருக்கிறது என்பேன். முகப்பு எத்தனை அழகாயினும் கை நுழையாத செட் பயனற்றது.

திரைச்சீலையின் ஓரத்தில் மெல்லிய கம்பியை வைத்துத் தைப்பார்கள். அப்போதுதான் காற்றில் பறக்கும் துணியை ஃபிரேம் ஃபிரேமாக மடித்து நிறுத்த முடியும். வியர்வைத் துளிக்குத் தண்ணீர் உதவாது, உலர்ந்துவிடும். அங்கே கிளிசரின் வரும். வெஸ் ஆண்டர்சனின் 'ஃபென்டாஸ்டிக் மிஸ்டர் ஃபாக்ஸ்' (2009) படத்தில் புகை பஞ்சால் ஆனது, நீர் பிளாஸ்டிக் தாளால் ஆனது. இரண்டும் என்ன பொருள் என்று பார்ப்பவருக்குத் தெரிகிறது, தெரிந்தும் நம்புகிறோம். 'கோரலைன்' படத்தின் செர்ரிப் பூக்கள் சாயமடித்த பாப்கார்ன்.

அளவு விகிதம் பிசகினால் கண் உடனே கண்டுகொள்ளும். ஆறில் ஒரு பங்கு அளவில், ஆறு சென்டிமீட்டர்க் கோப்பை ஒரு சென்டிமீட்டர் ஆகிறது, சுருக்குவது எளிது. ஆனால் கடையில் வாங்கிய துணியின் இழையும் மரத்தின் ரேகையும் தாமாகச் சுருங்குவதில்லை. அதனால்தான் படத்தின் நாயகியான சிறுமி கோரலைனின் நட்சத்திரச் சட்டையையும் கையுறைகளையும் அல்தியா குரோம் என்ற பின்னல் கலைஞர் கம்பி போன்ற நுண்ணிய ஊசிகளால் உண்மையிலேயே பின்னினார். புதுமையும் ஒரு குறைதான். நீர்த்த பழுப்புச் சாயம் கொண்டு கதவுக் கைப்பிடியைச் சுற்றி விரல் அழுக்கு ஏற்றிய பிறகே அந்த வீட்டில் ஆள் குடியிருப்பது தெரியும்.

கோரலைன்

ஒரேகான் மாநிலம் ஹில்ஸ்பரோவில் ஒரு கிடங்கை ஏறத்தாழ 50 பகுதிகளாகத் தடுத்து, 150 செட்டுகள் வரை இப்படத்துக்காகக் கட்டினார்கள். ஆப்பிள் தோட்டத்தின் நீளம் மட்டும் 42 அடி. கோரலைனின் சலிப்பான வீட்டையும், அவளை மயக்கும் மறுவுலக வீட்டையும் ஒரே சாயலில் அமைத்ததில் ஒரு நுட்பம் உண்டு. முதலாவதன் தரையைச் சாய்த்து, சுவர்களை நெருக்கி, ஆழம் குறைத்துக் கட்டினார்கள். இரண்டாவதற்கு முழு ஆழம் தந்தார்கள். முப்பரிமாணத்தில் பார்க்கையில், இரண்டு வீடுகளையும் இணைக்கும் கதவைத் தாண்டியதும் மூச்சு விரிகிறது. ஒரு சிறுமியின் ஏக்கத்தைத் தச்சு வேலையாகவே சொல்லிவிட்ட இடம் இது.

பாதுகாப்பு

பெரும்பாலான செட்டுகள் படப்பிடிப்பு முடிந்ததும் பிரிக்கப்பட்டு, மரச்சட்டங்கள் அடுத்த செட்டுக்குப் போகின்றன. எஞ்சியவற்றுக்கும் ஆயுள் குறைவு. நுரை ரப்பரில் செய்தவை சில ஆண்டுகளில் உதிர்கின்றன. 2005 அக்டோபரில் பிரிஸ்டல் நகரில் ஆர்ட்மேன் நிறுவனத்தின் கிடங்கு தீப்பற்றி எரிந்து, முந்தைய 'வாலஸ் அண்ட் குரோமிட்' படங்களின் செட்டுகளும் பொருள்களும் பெருமளவு அழிந்தன. 2017-இல் போர்ட்லாந்து கலை அருங்காட்சியகம், 'கோரலைன்' எடுத்த லைக்கா நிறுவனத்தின் படங்களுக்காகத் தனிக் கண்காட்சி நடத்தி, செட்டுகளையும் பொம்மைகளையும் ஓவியங்களுக்கும் சிற்பங்களுக்கும் உரிய கூடங்களில் வைத்தது.