குழந்தைகளின் நடத்தைச் சிக்கல்களும் மரபணுக்களின் பங்கும்

கண்ணோட்டம்
குழந்தை ஓரிடத்தில் அமராமல் இருப்பதற்கும், அடிக்கடி சினம் கொள்வதற்கும், அளவுக்கு மீறி அஞ்சுவதற்கும் வளர்ப்பு முறையே காரணம் எனப் பலர் கருதுகின்றனர். இதனால் பெற்றோர், குறிப்பாகத் தாய்மார், பழிக்கு ஆளாகின்றனர். உண்மையில் மரபணுக்களும் சூழலும் இணைந்தே இச்சிக்கல்களைத் தோற்றுவிக்கின்றன.

மரபணுக்களின் பங்கு எவ்வாறு அறியப்படுகிறது?
ஒருகரு இரட்டையரின் மரபணுக்கள் ஏறத்தாழ முழுவதும் ஒன்றே. இருகரு இரட்டையரிடம், பிற உடன்பிறந்தோரைப் போலவே, சராசரியாகப் பாதி மட்டுமே பொதுவானவை. இவ்விரு வகையினரையும் ஒப்பிட்டு மரபுவழித் தன்மை கணக்கிடப்படுகிறது. கவனக்குறைவு மற்றும் மிகைச் செயல்பாட்டுக் குறைபாட்டில் (ஏ.டி.எச்.டி.) இது ஏறத்தாழ 70 முதல் 80 சதவீதம். பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றில் இதைவிடக் குறைவு.

இந்த எண்ணின் பொருள் என்ன?
ஒரு குழந்தையின் சிக்கலில் 70 சதவீதம் மரபணுவால் வந்தது என்பது இதன் பொருளன்று. மக்களிடையே காணப்படும் வேறுபாடுகளில் மரபணு வேறுபாடுகளின் பங்கையே இது குறிக்கிறது. மரபுவழி வந்தது மாற்ற இயலாதது என்றும் கொள்ளக் கூடாது. கிட்டப்பார்வையிலும் மரபணுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆயினும் கண்ணாடி அணிந்த குழந்தை கரும்பலகையைத் தெளிவாகக் காண்கிறது.

தாய்வழியா, தந்தைவழியா?
பெரும்பாலும் இக்கேள்விக்கு விடை இல்லை. ஏராளமான மரபணு வேறுபாடுகள் சிறிது சிறிதாகச் சேர்ந்தே பாதிப்பை உண்டாக்குகின்றன. அவை பெற்றோர் இருவரிடமிருந்தும் வரலாம். எனவே ஏ.டி.எச்.டி.யை உறுதிசெய்யும் மரபணுப் பரிசோதனை ஏதுமில்லை. வளர்ச்சித் தாமதமோ அறிவுத்திறன் குறைபாடோ உடனிருந்தால், ஃப்ரஜைல் எக்ஸ் போன்ற நோய்களைக் கண்டறிய மருத்துவர் பரிசோதனையைப் பரிந்துரைக்கலாம்.

சூழலின் பங்கு
குறைமாதப் பிறப்பு, ஈய நச்சு, வீட்டில் வன்முறை ஆகியவை பாதிப்பின் வாய்ப்பை உயர்த்துகின்றன. இயல்பிலேயே அமைதியற்ற குழந்தை அதிகமாகத் திட்டும் அடியும் பெறுகிறது. அதனால் அதன் நடத்தை மேலும் மோசமாகிறது. இச்சுழற்சியை நிறுத்துவது பெற்றோரால் இயலும்.

பெற்றோர் செய்ய வேண்டியவை
• நல்ல நடத்தையை உடனுக்குடன் பாராட்டுங்கள், அடிப்பதைத் தவிர்த்திடுங்கள்.
• உறக்கம், உணவு, படிப்பு ஆகியவற்றுக்கு நிலையான நேரம் வகுத்திடுங்கள்.
• குடும்பத்தில் எவருக்கேனும் இத்தகைய பாதிப்பு இருந்திருப்பின் மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?
வீட்டிலும் பள்ளியிலும் ஆறு மாதங்களுக்கு மேல் சிக்கல் நீடித்தால் குழந்தைநல மருத்துவரையோ மனநல மருத்துவரையோ அணுகவும். ஆறு வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோர் பயிற்சியே முதல் சிகிச்சை. குழந்தை தன்னைத் துன்புறுத்திக்கொண்டாலோ, இறப்பைப் பற்றிப் பேசினாலோ தாமதம் கூடாது. டெலி மனாஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.