சளியிளக்கி மருந்துகளின் வரலாறு

நாட்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி என்பது, ஆண்டுக்குக் குறைந்தது மூன்று மாதங்கள் வீதம் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் சளியுடன் கூடிய இருமல் நீடிக்கும் நோயாகும். புகைபிடித்தல் இதன் முதன்மைக் காரணம். விறகடுப்புப் புகை, காற்று மாசு ஆகியவையும் காரணங்களாகும். இந்நோயில் சளிச் சுரப்பிகள் பெருத்து, கெட்டியான சளி மிகுதியாகச் சுரக்கிறது. அதை வெளித்தள்ளும் நுண்மயிர்களும் பழுதடைகின்றன. இவ்வாறு தேங்கும் சளியை இளக்கி வெளியேற்ற உதவுபவை சளியிளக்கிகள் எனப்படும்.

தோற்றம்

1952 டிசம்பரில் லண்டனைச் சூழ்ந்த நச்சுப் புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். அவர்களுள் மூச்சுக்குழாய் அழற்சி உடையோர் பலர். அதன்பின் இந்நோய் குறித்த ஆய்வுகள் பெருகின. 1960களில் புதிய சளியிளக்கிகள் பயன்பாட்டுக்கு வந்தன.

அசிட்டைல்சிஸ்டைன், சளிப் புரதங்களைப் பிணைக்கும் கந்தகப் பிணைப்புகளை உடைக்கிறது. முதலில் ஆவியாக முகரப்பட்ட இது, பின்னர் வாய்வழி மருந்தாகவும் வந்தது. புரோம்ஹெக்சின் என்ற மருந்துக்கு மூலம், தமிழ் மருத்துவத்தில் இருமலுக்கு நெடுங்காலமாக வழங்கப்படும் ஆடாதோடை ஆகும். அதன் இலையிலுள்ள வாசிசின் என்னும் பொருளை முன்மாதிரியாகக் கொண்டே அது உருவாக்கப்பட்டது. உடலில் புரோம்ஹெக்சின் சிதைந்து உண்டாகும் அம்புரோக்சாலும் பின்னாளில் தனி மருந்தாயிற்று.

பயன் பற்றிய ஆய்வுகள்

சளி இளகுவதால் நோயாளிக்கு என்ன நன்மை என்பதே அடுத்து எழுந்த கேள்வி. நாட்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி பலருக்கு நுரையீரல் அடைப்பு நோயுடன் சேர்ந்தே காணப்படுவதால், பெரிய ஆய்வுகள் அந்நோயாளிகளிடம் நடத்தப்பட்டன.

2005இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் 523 பேர் பங்கேற்றனர். மூன்று ஆண்டுகள் நாள்தோறும் 600 மில்லிகிராம் அசிட்டைல்சிஸ்டைன் உட்கொண்டும், நுரையீரல் திறன் குறைவது தடைபடவில்லை. 2008இல் வெளியான சீன ஆய்வில் 709 பேர் பங்கேற்றனர். கார்போசிஸ்டைன் உட்கொண்டவர்களுக்கு நோய் திடீரெனத் தீவிரமடைவது ஆண்டுக்கு 1.01 முறை, மருந்தற்ற போலி மாத்திரை பெற்றவர்களுக்கு 1.35 முறை.

பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்த 2019ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வும் இதையொட்டியே முடிவு கூறியது. சளியிளக்கிகள் நோய் தீவிரமடைவதை ஓரளவு குறைக்கின்றன. நுரையீரல் திறனைப் பெரிதாக மாற்றுவதில்லை.

இன்றைய நிலை

சளியிளக்கிகள் இன்று துணை மருந்துகளாகவே கருதப்படுகின்றன. இரைப்பைப் புண் உள்ளவர்கள் மருத்துவரின் ஆலோசனையின்றி இவற்றை உட்கொள்ளக் கூடாது. நுரையீரல் விரைந்து நலிவதைத் தடுக்கும் முதன்மை வழி புகைபிடிப்பதை நிறுத்துவதேயாகும். அந்த இடத்தை எந்தச் சளியிளக்கியும் நிரப்பாது.