கப்பல் வருமுன் கட்டிய துறை

"சார், சிங்கப்பூர்ல கனெக்‌ஷன் கெடச்சிருச்சா?"

சென்னை தம்புச் செட்டித் தெருவில் கிளியரிங், ஃபார்வர்டிங் தொழிலில் இருந்த எங்களிடம் ஏற்றுமதியாளர்கள் ஓயாமல் கேட்ட கேள்வி இது. ஆம்பூர்த் தோல் கிழக்கே போவதென்றால் முதலில் சென்னையில் சின்ன ஃபீடர் கப்பலில் ஏறும். சிங்கப்பூரில் இறங்கி, மதர் வெசல் என்று நாங்கள் சொல்லும் பெரிய கப்பலுக்கு மாறும். அங்கே அந்தக் கப்பலைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நாள்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். அதற்குள் ஆர்டரே கைநழுவிப் போகலாம். பெரும்பாலும் "கெடச்சிருச்சு சார்" என்றுதான் பதில் சொல்லியிருக்கிறேன். கடலுக்கு அப்பால் இருக்கும் ஒரு துறைமுகத்தின் மேல் எங்களுக்கு அப்படியொரு நம்பிக்கை எப்படி வந்தது என்று ஓய்வுபெற்ற பிறகு தேடித்தேடிப் படித்தேன்.

"நல்ல இடத்தில் இருக்கிறது, அதனால் வியாபாரம் வந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுபவர்கள் உண்டு. எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. இந்தியாவுக்கும் சீனத்துக்கும் நடுவே, சிங்கப்பூர் இருக்கும் அதே நீரிணையில்தான் மலாக்காவும் இருக்கிறது. ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த துறைமுகம் அது. பின்னால் முகத்துவாரம் மண்ணேறி, பெரிய கப்பல்கள் ஒதுங்கிப் போயின. பினாங்கு சிங்கப்பூருக்கு முன்பே, 1786-லேயே ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அந்த வட்டாரத்தில் இடம் எல்லோருக்கும்தான் வாய்த்திருந்தது.

1819 ஜனவரியில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் கரையிறங்கி, பிப்ரவரி 6-ஆம் தேதி மலாய்த் தலைவர்களான சுல்தான் ஹுசைனோடும் தெமெங்கோங் அப்துல் ரஹ்மானோடும் உடன்படிக்கை செய்துகொண்டார். அவர் செய்த முக்கியமான காரியம், அங்கே வந்துபோகும் சரக்குக்குச் சுங்கவரி இல்லை என்று அறிவித்தது. வடகிழக்குப் பருவக்காற்றில் சீனப் பாய்க்கப்பல்கள் வந்து சேரும். இந்தியாவுக்குப் போகிறவர்களும் சீனம் திரும்புகிறவர்களும் காற்று மாறும்வரை எங்கேயாவது காத்திருந்தே ஆகவேண்டும். வரி கேட்காத ஊரில் காத்திருப்பது அவர்களுக்கு லாபம். அதே ஆண்டு பினாங்கிலிருந்து ராஃபிள்ஸின் கப்பலில் வந்த நாராயண பிள்ளை அங்கே செங்கல் சூளை போட்டார். சரக்கை வைக்கக் கிட்டங்கி வேண்டும், கிட்டங்கி கட்டச் செங்கல் வேண்டும். சிங்கப்பூர் ஆற்றில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்குப் படகு ஓட்டியவர்களில் சோழமண்டலக் கரையிலிருந்து போன சூலியா முஸ்லிம்கள் நிறையப் பேர். கொஞ்ச காலத்தில் மார்க்கெட் தெருவில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பெட்டியடி போட்டு உட்கார்ந்து கடன் கொடுத்தார்கள். வரிச்சலுகை, கிட்டங்கி, படகு, கடன் எல்லாம் சேர்ந்த பிறகுதான் அந்தத் தீவு வியாபாரத் தலமானது.

இடத்தின் மதிப்பும் காலத்துக்குக் காலம் மாறும். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவந்த காலத்தில் சீனம் போன பாய்க்கப்பல்கள் பல, சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் இடையிலுள்ள சுந்தா நீரிணை வழியே போய்விடும். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் கதை மாறியது. நீராவிக் கப்பல்கள் இலங்கையைத் தொட்டு மலாக்கா நீரிணைக்குள் நுழைந்தன. சிங்கப்பூர் அவற்றின் வழியில் நேராக நின்றது. ஆனால் நீராவிக் கப்பலுக்கு ஆற்றுமுகமும் படகும் போதாது. ஆழமான நீரில் நேரே ஒட்டி நிற்க மேடை வேண்டும், கரி கொட்டி வைக்க இடம் வேண்டும், பழுது பார்க்க உலர்துறை வேண்டும். பிற்காலத்தில் கெப்பல் துறைமுகம் என்று பெயர் பெற்ற ஆழ்நீர்ப் பகுதிக்குப் பி அண்ட் ஓ கப்பல் கம்பெனி 1852-லேயே வந்துவிட்டது. 1864-இல் தஞ்சோங் பகார் டாக் கம்பெனி தொடங்கியது. கால்வாய் திறந்த நாளில் அதைப் பயன்படுத்திக்கொள்ளும் ஏற்பாடு ஓரளவு தயாராகவே இருந்தது. 1871-இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகக் கடலடித் தந்திக்கம்பியும் போய்ச் சேர்ந்தது. லண்டன் விலை அன்றன்றைக்கே தெரிந்த பிறகு அங்கே பேரம் பேசுகிற விதமே வேறானது.

இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது துறைமுகம் திணறியது. மலாயாவின் வெள்ளீயமும், பின்னாலே ரப்பரும் குவிந்தன; அந்த ரப்பர்ப் பாலை வெட்டி எடுத்தவர்களில் பெரும்பாலோர் நம் ஊர்களிலிருந்து போனவர்கள். டாக் கம்பெனியோ பெரிய செலவுக்குத் தயங்கியது. 1905-இல் காலனி அரசு கம்பெனியைத் தானே எடுத்துக்கொண்டது. தனியார் வியாபாரத்தைத் தொட விரும்பாத ஆங்கில அரசு அப்படிச் செய்தது சாதாரணமில்லை. அதற்குப் பிறகு மேடைகள் விரிந்தன. 1913-இல் கிங்ஸ் டாக் என்ற பெரிய உலர்துறை திறந்தது.

நான் திரும்பத் திரும்பப் படிக்கும் காலம் 1960-கள். அன்றைய சிங்கப்பூரில் வேலையில்லாத் திண்டாட்டம் கடுமையாக இருந்தது. 1965 ஆகஸ்ட் 9-இல் மலேசியாவிலிருந்து பிரிந்ததும், துறைமுகத்துக்குச் சரக்கு தரும் பின்னிலமும் போயிற்று. 1968-இல் பிரிட்டன் தன் படைத்தளங்களை மூடிவிடப் போவதாக அறிவித்தது. நாட்டின் வருமானத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களைச் சார்ந்திருந்தது. இடம் அப்போதும் அதே இடம்தான். அது யாருக்கும் சோறு போடவில்லை.

ஐ.நா. அனுப்பிய டச்சுப் பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் வின்செமியஸ் சொன்ன யோசனையின்படி 1961-இல் பொருளாதார வளர்ச்சிக் கழகம் பிறந்தது. நிதியமைச்சர் கோ கெங் சுவீ ஜூரோங் சதுப்பைத் தூர்த்து தொழிற்பேட்டை போடத் துணிந்தார். குன்றுகளை வெட்டிச் சேற்றை நிரப்பினார்கள். சாலை, மின்சாரம், தண்ணீர், துறைமுகம், ரயில் பாதை என்று வந்தன. யார் வருவார்கள் என்று தெரியாமலே ஆயத்தத் தொழிற்கூடங்களையும் கட்டி வைத்தார்கள். முதல் சில ஆண்டுகள் இடம் பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடந்தது. "கோவின் மடத்தனம்" என்று ஊர் பேசியது. 1968-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனி சிங்கப்பூர் வந்து பார்த்தது. முடிவெடுத்த 50 நாளில் அதனால் உற்பத்தியைத் தொடங்க முடிந்தது. தொழிற்சாலைக்கு இடம் தேடும் முதலாளிக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது.

ஹ்யூலெட்-பேக்கர்ட் வந்த கதையை அன்றைய பிரதமர் லீ குவான் யூ தன் நினைவுக் குறிப்புகளில் சொல்கிறார். ஆறு மாடிக் கட்டடத்தின் மேல் இரண்டு தளங்களை அந்தக் கம்பெனி எடுத்திருந்தது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஹ்யூலெட் நேரில் பார்க்க வருகிறார். லிஃப்டுக்கு வேண்டிய டிரான்ஸ்ஃபார்மர் இன்னும் வரவில்லை. விருந்தாளியைப் படியேற விடக்கூடாது என்று கழக அதிகாரிகள் பக்கத்துக் கட்டடத்திலிருந்து ஒரு பெரிய கேபிளை இழுத்துவந்து லிஃப்டை ஓட வைத்தார்கள். கம்பெனி முதலீடு செய்தது. உள்கட்டமைப்பு என்றால் நாம் பாலத்தையும் சாலையையும் மட்டும் நினைக்கிறோம். அந்த கேபிளை இழுத்த மனிதர்களையும் நான் அதில் சேர்ப்பேன்.

அதே 1968-இல், அமெரிக்காவுக்கு வெளியே டாலர் வைப்புநிதி வாங்கிக் கடன் கொடுக்கும் ஆசிய டாலர் சந்தை சிங்கப்பூரில் தொடங்கியது. சான்பிரான்சிஸ்கோவில் வங்கிகள் மூடுவதற்கும் சூரிச்சில் திறப்பதற்கும் இடையே பல மணி நேரம் பணச்சந்தை தூங்கிக் கிடந்தது. பூமிப்பந்தில் அந்த இடைவெளியில் விழும் ஊர் சிங்கப்பூர். பேங்க் ஆஃப் அமெரிக்காவின் வான் ஊனன் அதை வின்செமியஸுக்குச் சுட்டிக்காட்டினார். வெளிநாட்டார் வைப்புநிதியின் வட்டிக்கு இருந்த வரியை அரசு நீக்கியது. கடல்வழி தந்த ஆதாயத்தை அறிந்திருந்த ஊர், கடிகாரம் தந்த ஆதாயத்தையும் எடுத்துக்கொண்டது.

1972 பிப்ரவரியில் வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம் பத்திரிகையாளர் மன்றத்தில் பேசினார். யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழர் அவர். உலகத்தோடு கப்பலாலும் விமானத்தாலும் தந்தியாலும் கட்டுண்ட நகரத்துக்கு உலகம் முழுவதுமே பின்னிலம் என்பது அவர் வாதம். நான்கு மாதம் கழித்து, ஜூன் 23-ஆம் தேதி, எம்.வி. நிஹோன் என்ற கப்பல் ராட்டர்டாமிலிருந்து 300 கண்டெய்னர்களோடு தஞ்சோங் பகாருக்கு வந்தது. அந்த முனையத்தைக் கட்ட முடிவெடுத்தபோது கண்டெய்னர் கப்பலை அங்கே கொண்டுவருவதாக எந்தக் கம்பெனியும் உறுதி தரவில்லை. கப்பலுக்கு முன்பே துறை தயாராகிக் காத்திருந்தது. சென்னையில் தனிக் கண்டெய்னர் முனையம் வந்தது 1983-இல்தான்.

கண்டெய்னரின் எட்டு மூலைகளிலும் ஓட்டை போட்ட இரும்புக் கட்டி ஒன்று இருக்கும். கிரேனின் கொக்கிச் சட்டம் இறங்கி, மேல்மூலை நான்கிலும் பூட்டு நுழைந்து திரும்பினால் பெட்டி எழும்பிவிடும். மூட்டை மூட்டையாகத் தோளில் சுமந்த காலத்தில் பல நாள் பிடித்த வேலை சில மணி நேரத்தில் முடிந்தது. பெட்டி அத்தனை வேகமாகப் போகும்போது காகிதமும் அதே வேகத்தில் போகவேண்டும். ஒரு கையெழுத்துக்காக மேசை மேசையாக அலைந்து, கட்-ஆஃப் நேரம் தாண்டி, ஏற்றாமலே திரும்பிய சரக்குகளை நான் பார்த்திருக்கிறேன். சிங்கப்பூர் 1989 ஜனவரியில் டிரேட்நெட் என்ற கணினி வலையைக் கொண்டுவந்தது. ஏற்றுமதி, இறக்குமதி அனுமதிகள் நாள்கணக்கிலிருந்து நிமிடக்கணக்குக்கு இறங்கின. கம்பியும் கணினியும் கிரேனுக்குச் சமமான உள்கட்டமைப்பு என்பது என் அனுபவம் சொல்லும் பாடம்.

இதற்கு விலையும் கொடுத்தார்கள். ஜூரோங்கின் மீனவர்களும் இறால் பண்ணைக்காரர்களும் இடம் இழந்தார்கள். தலைமுறைகளாகச் சிங்கப்பூர் ஆற்றில் ஓடிய சரக்குப் படகுகள் 1983-இல் வெளியேற்றப்பட்டன. 1968-இன் தொழிலாளர் சட்டங்கள் முதலாளிகளுக்கு உறுதி தந்தன. தொழிற்சங்கங்களின் கை சுருங்கியது. இன்றும் அந்தத் தீவின் கட்டுமானத்திலும் கப்பல் பட்டறைகளிலும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் விடுதி வாழ்க்கை வாழ்ந்து உழைக்கிறார்கள். அந்தத் துறைமுகத்தின் வரலாற்றை எழுதுபவர் அவர்களை விட்டுவிட்டு எழுதக்கூடாது.

இடம் மட்டும் போதும் என்பவர்களுக்கு 2000-ஆம் ஆண்டே பதில். ஜொகூரில், சிங்கப்பூருக்குக் கூப்பிடு தூரத்தில் மலேசியா கட்டிய தஞ்சோங் பெலெபாஸ் துறைமுகத்துக்கு மெர்ஸ்க் கம்பெனி தன் கப்பல்களை மாற்றிக்கொண்டது. 2002-இல் எவர்கிரீனும் போனது. வரைபடத்தில் இரண்டும் ஒரே புள்ளி. கட்டணம் குறைவு, முனையத்தில் பங்கும் உண்டு என்றதும் பெரிய வாடிக்கையாளர் நகர்ந்துவிட்டார். சிங்கப்பூர் அந்த அடியை வாங்கிக்கொண்டு, கப்பல் கம்பெனிகளைக் கூட்டாளிகளாகச் சேர்த்து முனையம் நடத்தும் வழிக்கு வந்தது. 2024-இல் அங்கே கையாண்ட கண்டெய்னர்கள், 20 அடிப் பெட்டிக் கணக்கில், 4 கோடிக்கு மேல்.

நம் பக்கத்திலும் இப்போது இந்தப் பேச்சு கேட்கிறது. கன்னியாகுமரிக்கு அருகே கேரளத்தின் விழிஞ்ஞத்தில் சர்வதேசக் கப்பல் பாதை கரையை ஒட்டியே போகிறது. இயற்கையாகவே ஆழம் உண்டு. அந்த ஆழம் என்றைக்கும் இருந்ததுதான். பெரிய கப்பல்கள் அங்கே நிற்கத் தொடங்கியது 2024-இல். நமக்கு ஆயிரம் கிலோமீட்டர் கடற்கரை இருக்கிறது என்று மேடையில் முழங்குவோரிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றுதான்: அடுத்த தலைமுறைக் கப்பலுக்கு இன்றைக்கே எதைக் கட்டுகிறோம்? 1972-இல் நிஹோனை வரவேற்ற தஞ்சோங் பகார் முனையத்தைச் சிங்கப்பூர் 2017-க்குள் காலி செய்துவிட்டது. தீவின் மேற்கு முனையில், துவாஸில், பத்து மாடி உயரக் காங்கிரீட் கூடுகளைக் கடலுக்குள் இறக்கி, ஆண்டுக்கு ஆறரைக் கோடிப் பெட்டிகளைக் கையாளும் துறைமுகத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறது. 2022-இல் திறந்த அது முழுதாக முடிய 2040-கள் ஆகும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த துறையை, பழசாவதற்கு முன்பே தானே விட்டுப் போகும் துணிவு அந்த நாட்டுக்கு இருக்கிறது. வெளிநாட்டு முதலாளி தன் பணத்தை நம்பிக் கொடுப்பது அந்தத் துணிவை நம்பித்தான்.