கிறிஸ்துவின் கதையும் அசைவுச் சித்திரமும்

சிரம்பானிலிருந்து காஜாங் நோக்கிச் செல்லும் பழைய மலைச்சாலையில் அமைந்த சிற்றூர் மந்தின். ஈயம் தோண்ட வந்த ஹக்கா சீனர் முதலில் அங்கே குடியேறினர். பின்னர் இரப்பர் பயிர் பரவியபோது சுற்றுவட்டாரத் தோட்டங்களில் தமிழர் வந்து லயங்களில் வாழத் தலைப்பட்டனர். புனித அலோய்சியஸ் தேவாலயம் இவ்வூரின் பழைய அடையாளங்களுள் ஒன்று. இவ்வூரில் பயிலும் மாணவி ஒருத்தி கிறிஸ்துவின் கதையை ஐந்து நிமிடக் குறும்படமாக, அசைவுச் சித்திரமாக வரைய முற்படுகிறாள் என்று கொள்வோம். கணிப்பொறி தந்த புதுமை என்றே பலரும் அதனைக் கருதுவர். உண்மை வேறு. அசைவுச் சித்திரம் என்னும் கலை பிறந்த நாள்தொட்டே சமயக் கதையோடு பின்னி வளர்ந்தது. அந்தப் பின்னலில் தமிழருக்கும் ஓர் இழை உண்டு.

தொடக்கம் 17-ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. ஒலாந்து நாட்டு அறிஞர் கிறிஸ்தியான் ஹைகன்ஸ் 1659-ஆம் ஆண்டில், கண்ணாடித் தகட்டில் வரைந்த உருவத்தை ஒளியினால் சுவரில் பெரிதாக்கிக் காட்டும் 'மாயவிளக்கு' ஒன்றுக்காகச் சில உருவங்களை வரைந்தார். ஓர் எலும்புக்கூடு தன் தலையைத் தானே கழற்றி மீண்டும் பொருத்திக்கொள்வதைப் பல நிலைகளாக அவர் வரைந்து வைத்த தாள் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது. ஓர் அசைவைப் பல படங்களாகப் பகுத்து வரையும் முறை அதிலேயே தெளிவாக உள்ளது. உரோமாபுரியில் வாழ்ந்த இயேசு சபைக் குரு அத்தனாசியஸ் கிர்ச்சர் தம் நூலின் 1671-ஆம் ஆண்டுப் பதிப்பில் இவ்விளக்கைப் படத்துடன் விளக்கினார். அப்படத்தில் சுவர்மீது தோன்றும் உருவம் உத்தரிக்கும் தலத்து நெருப்பில் நிற்கும் ஓர் ஆன்மா. அடுத்த இரு நூற்றாண்டுகளில் மிஷனரிமார் இம்மாயவிளக்கைக் கடல் கடந்த நாடுகளுக்கெல்லாம் கொண்டு சென்றனர். எழுத்தறியாதவர்க்கும் விவிலியக் கதை விளங்க வேண்டும் என்பதே அவர்தம் நோக்கம்.

திரைப்படம் தோன்றியபோதும் இதே வழியே நடந்தது. பிரான்சு நாட்டுப் பாத்தே நிறுவனம் 1902 முதல் 1905 வரை படிப்படியாக எடுத்து நிறைவு செய்த 'இயேசு கிறிஸ்துவின் வாழ்வும் பாடுகளும்' என்னும் படம் அக்காலத்தில் உலகெங்கும் பரவியது. பெர்தினாந்து செக்கா, லூசியன் நோங்கே ஆகிய இருவரும் அதனை இயக்கினர். அதன் வண்ணம் இங்கே சிறப்பாகக் குறிக்கத்தக்கது. வண்ணத்தைப் பதிவு செய்யும் படச்சுருள் அந்நாளில் இல்லை. ஒவ்வொரு சிறு சட்டத்திலும் எந்த இடத்துக்கு எந்த நிறம் என்று கணக்கிட்டு, அவ்விடங்களைத் துளையிட்ட அச்சுத் தகடுகளின் வழியாகப் பெண் தொழிலாளர் நிறம் ஏற்றினர். அவ்வகையில் அப்படம் பாதி நிழற்படம், பாதி ஓவியம் ஆகும். சட்டம் சட்டமாகக் கைவேலை செய்யும் பொறுமை கார்ட்டூன் படக் கலைஞருக்கு முன்பே இப்பெண்களுக்கு வாய்த்திருந்தது. அவர்களுடைய பெயர்கள் படத்தில் இல்லை.

இனித் தமிழகத்துக்கு வருவோம். கோயமுத்தூரில் 1883-இல் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சிராப்பள்ளியில் தென்னிந்திய இரயில்வேயில் வரைபடம் தீட்டும் பணியில் இருந்தார். 1905-ஆம் ஆண்டில் டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரர் ஒருவர் படம் காட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்தார். நோயுற்றமையால் மேற்கொண்டு பயணம் செய்ய இயலாமல் தம் கருவியையும் படச்சுருள்களையும் விற்க விரும்பினார். வின்சென்ட் ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபாய் திரட்டி அவற்றை வாங்கினார். இரயில்வேக் குமாஸ்தா ஒருவர்க்கு அந்நாளில் அது பல ஆண்டுச் சம்பளம். அச்சுருள்களுள் முதன்மையானது 'இயேசுவின் வாழ்க்கை'. வேலையைத் துறந்து கூடாரம் அமைத்து ஊர் ஊராகச் சென்றார் அவர். தெற்கே தொடங்கிய பயணம் வடக்கே பெஷாவர் வரையும், கிழக்கே இரங்கூன் வரையும் நீண்டது. 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான கொட்டகையை எழுப்பினார். அத்தெரு இன்றும் அப்பெயராலேயே வழங்குகிறது. 1933-இல் 'வள்ளி திருமணம்' பேசும் படத்தைத் தயாரித்தார். 1942-இல் மறைந்தார்.

தமிழ்த் திரைப்பட வரலாற்று நூல்கள் அவரைத் 'தமிழகத்தின் முதல் திரைப்படக் காட்சியாளர்' என்று ஒரு வரியில் போற்றிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. இது போதாது. கிறிஸ்தவர் ஒருவர் தம் சமயத் தலைவரின் கதையைச் சுமந்து சென்று, எல்லாச் சமயத்தவரும் கூடிய கூடாரங்களில் காட்டினார். அதே மனிதர் பின்னர் முருகன் வள்ளியை மணந்த கதையைப் படமாக்க முன்வந்தார். இவ்விரண்டையும் இணைத்து நோக்கினாலன்றி அவருடைய பணி முழுமையாக விளங்காது.

மராட்டிய நாட்டில் இன்னும் வியப்பான நிகழ்ச்சி ஒன்று நடந்தது. ஓவியமும் அச்சுத்தொழிலும் கற்ற தாதாசாகேப் பால்கே, பம்பாயில் கிறிஸ்துவின் வாழ்க்கையைக் கூறும் படம் ஒன்றைக் கண்டார். 1910 கிறிஸ்துமஸ் என்பாரும், 1911 ஈஸ்டர் என்பாரும் உளர். திரையில் கிறிஸ்து நடமாடியபோது தம் மனக்கண்ணில் கண்ணனும் இராமனும் தோன்றியதாகப் பின்னர் அவரே எழுதினார். 1912-இல் இலண்டன் சென்று கருவி வாங்கித் திரும்பிய அவர் 'ராஜா ஹரிச்சந்திரா'வைத் தொடங்குவதற்கு முன்பு ஒரு சிறு சோதனை செய்தார். பட்டாணி விதையொன்றைத் தொட்டியில் ஊன்றி, அதன்முன் கருவியை அசையாமல் நிறுத்தி, ஒவ்வொரு சட்டமாக ஒரு மாதத்துக்கும் மேலாகப் படம் பிடித்தார். ஓட்டிக் காட்டியபோது விதை முளைத்துக் கொடியாகப் படர்வது கண்முன் நிகழ்ந்தது. அது கண்டே பணம் கொடுப்பவர் அவரை நம்பினர். அசைவுச் சித்திரத்தின் இலக்கணமும் இதுவே: ஒரு சட்டம் எடுப்பது, நிறுத்துவது, பொருளைச் சிறிது மாற்றுவது, மீண்டும் ஒரு சட்டம் எடுப்பது. பால்கே செய்த மாற்றத்தை அங்கே செடியே தனக்குத்தானே செய்துகொண்டது. 1915-இல் தீக்குச்சிகளை அசைத்து அவர் எடுத்த சிறுபடம் இந்திய அசைவுச் சித்திரத்தின் முதல் முயற்சிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. அப்படம் இன்று கிடைக்கவில்லை.

இக்கலையை முறையாகக் கற்பிக்கும் ஏற்பாடு இந்தியாவில் பிந்தியே வந்தது. 1956-ஆம் ஆண்டில் பம்பாயில் பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவுக்கு ஆசிரியராக வந்தவர் கிளேர் வீக்ஸ். வால்ட் டிஸ்னி கூடத்தில் 'ஸ்நோ ஒயிட்', 'பாம்பி' போன்ற படங்களில் பணியாற்றியவர். இந்தியாவில் அமெரிக்க மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். அவரும் மாணாக்கரும் சேர்ந்து 1957-இல் வரைந்து முடித்த பயிற்சிப் படம் 'ஆலமரத்து மான்', புத்த ஜாதகக் கதை. மிஷனரியின் மகன் விவிலியக் கதையைத் தேராமல் இந்நாட்டுக் கதையைத் தேர்ந்தது குறிப்பிடத்தக்கது. அக்குழுவில் பயின்றவருள் ஒருவர் சென்னையில் வேதியியல் கற்ற ராம் மோகன் (1931–2019). இந்திய அசைவுச் சித்திரத்தின் தந்தை எனப் பின்னாளில் அவர் பெயர் பெற்றார்.

மலாயாவில் திரைப்படம் தோட்டத்து மக்களிடம் வந்த வழி வேறு. 1946-இல் மலாயா திரைப்படப் பிரிவு தோற்றுவிக்கப்பட்டது. 1948 முதல் 1960 வரை நீடித்த நெருக்கடிக் காலத்தில் தகவல் இலாகாவின் வண்டிகள் தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் சென்று, திடலில் வெள்ளைத் திரை கட்டி, தமிழ் முதலான மொழிகளில் படம் காட்டின. காட்டப்பட்டவற்றுள் பெரும்பகுதி அரசாங்கப் பிரசாரம். அந்தப் பிரிவே பின்னர் பிலெம் நெகாரா ஆயிற்று. அங்கேதான் ஆனந்தம் சேவியர் என்னும் கலைஞர் 'ஹிகாயாட் சாங் கஞ்சில்' என்னும் சருகுமான் கதையை 1978-இல் அசைவுச் சித்திரமாக்கினார். மலேசியாவின் முதல் கார்ட்டூன் குறும்படம் எனப் போற்றப்படுவது அதுவே. பம்பாயில் மான், கோலாலம்பூரில் சருகுமான்! இருநாட்டிலும் இக்கலை மானைப் பிடித்துக்கொண்டே நடை பயின்றது ஒரு சுவையான தற்செயல்.

மந்தின் மாணவியின் மேசைக்குத் திரும்பலாம். ஒரு நொடிக்கு 24 சட்டங்கள். ஒரு படத்தை இரு சட்டங்களுக்கு நிறுத்தும் சிக்கன முறையிலும் நொடிக்கு 12 படங்கள் வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு 3,600 படங்கள். கணிப்பொறி இடைப்பட்ட படங்களுள் பலவற்றைத் தானே நிரப்பக்கூடும். ஆயினும் முதல் உருவத்தை அது தீர்மானிக்காது. இயேசுவின் முகம் எத்தகையது, மரியாளின் ஆடை யாது, கானாவூர்த் திருமணப் பந்தல் எப்படியிருந்தது என்பவற்றை வரைபவரே முடிவு செய்ய வேண்டும். இங்கேதான் உண்மையான இடர். பாத்தே படம் தொடங்கி இன்றுவரை பெரும்பாலான உருவங்கள் பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் டோரேயின் விவிலியப் படங்களையும் அவற்றை ஒத்த ஐரோப்பிய ஓவியங்களையும் தழுவியவை. நாட்காட்டிகளிலும் வீட்டுச் சுவர்களிலும் கண்டு பழகிய அந்த முகத்தையே எடுத்து அசைத்துவிடுவது எளிது. அப்படி அசைப்பதனால் கதை நம்முடையதாகிவிடாது.

தமிழில் இவ்வினாவுக்கு விடை மிக முன்பே கூறப்பட்டுள்ளது. 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் 'தேம்பாவணி' பாடியபோது, சூதேய நாட்டைப் பாலையும் கல்லுமாகக் காட்டவில்லை. காப்பிய மரபுப்படி நாட்டுப்படலமும் நகரப்படலமும் அமைத்து, மழையும் ஆறும் வயலும் கொண்ட தமிழ்நிலமாகவே அதனைப் படைத்தார். சூசையப்பர் அங்கே தமிழ்க் காப்பியத் தலைவராக நடமாடுகிறார். இத்தாலியில் பிறந்த ஒருவர் தமிழருக்காக இவ்வளவு துணிந்தார் எனில், தமிழ் மாணவி தோட்டத்து இரப்பர் மர நிழலில் மலைப்பிரசங்கத்தை வரையத் தயங்க வேண்டுவதில்லை. வரலாற்றுப் பொருத்தம் கெடும் என்று கூறுவோர் இருப்பர். அன்னவர் டோரே வரைந்த எருசலேமும் பாரீசில் இருந்து கண்ட எருசலேமே என்பதை எண்ணிப் பார்த்தல் நலம்.

வேறு வழியும் உண்டு. 2000-இல் வெளிவந்த 'மிராக்கிள் மேக்கர்' என்னும் படத்தில் இயேசுவின் வாழ்க்கை பொம்மைகளை அசைத்துக் காட்டப்பட்டது. அவர் கூறும் உவமைக் கதைகளும் உள்ளத்தின் நினைவுகளும் மட்டும் கையால் வரைந்த சித்திரங்களாக அமைந்தன. உருசிய, வேல்சு நாட்டுக் கலைஞர் சேர்ந்து செய்த வேலை அது. உவமைகளை மட்டும் எடுத்துக்கொள்வது மாணாக்கருக்கு மிகவும் ஏற்றது. விதைப்பவன், காணாமற்போன ஆடு, ஊதாரி மகன் ஆகியோருக்கு விவிலியம் பெயரும் இடவில்லை, முகமும் தரவில்லை. எந்த ஊர் முகத்தையும் அவர்களுக்கு வரையலாம். நல்ல சமாரியன் கதையில் காயமுற்றவன் கிடந்த சாலை எரிகோவுக்கு இறங்கும் மலைச்சாலை. மந்தினுக்கு இறங்கும் சாலையிலும் வளைவுகள் நிறைய உண்டு.

ஆனந்தம் சேவியரின் சருகுமான் 1978-இல் உருவாகியும் மக்கள் பார்வைக்கு வந்தது 1983-இல்தான். ஐந்தாண்டுக் காலம் அது பெட்டியிலேயே காத்திருந்தது.